அதிவாகனம் – ஒரு சிந்தனை

இல்லறத்தில் நின்றபடியே அறம் ஒழுக விரும்பும் சிராவகர்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்த அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் இறுதியாக வைக்கப்பெற்றது பரிக்கிரக பரிமாணம். மிகுபொருள் விரும்பாமை என்று தமிழில் வழங்கி வருகிறோம். நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், பாத்திரம், பண்டம் ஆகியவற்றுள் இவ்வளவு எனக்குப் போதும் என்று ஒருவன் தனக்குத் தானே எல்லை கட்டிக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ளதை நாடாதிருப்பதே இவ்விரதத்தின் இலக்கணம். துறவியின் மகாவிரதத்தைப் போல அனைத்தையும் விடுமாறு இது கேட்கவில்லை. எல்லையை வகுப்பவனும் அவனே, காப்பவனும் அவனே. அதனாலேயே எளிதுபோல் தோன்றிக் கடினமாகி நிற்கிறது.

இவ்விரதத்துக்கு நேரும் அதிசாரங்களை, இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியர் ஐந்தாகக் கூறுகிறார். அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம் என்பன அவை. வாகனம் பற்றிய குற்றமே முதலில் வைக்கப்பட்டிருப்பதும், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல் இறுதியில் நிற்பதும் கவனிக்கத்தக்கன. உரை வகுத்த பிரபாசந்திரர், எருது முதலியவை வருத்தமின்றி நடக்கக்கூடிய தூரத்துக்கு மேல் பேராசையால் அவற்றை ஓட்டுவதே அதிவாகனம் என்று விளக்கினார். தேவைக்கு மேற்பட்ட வாகனங்களை வைத்திருத்தல் என்று பொருள் கொள்வோரும் உண்டு. எருது போய் எஞ்சின் வந்துவிட்ட இந்நாளில் இரண்டாவது பொருளே நம்மை நேராகத் தொடுகிறது.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் நம்மில் பலர் தப்பித்துவிடலாம். வீட்டில் நிற்பது ஒரே கார்தானே என்பர். ஆனால் எந்தக் கார் என்னும் கேள்வி ஒன்று இப்போது எழுந்திருக்கிறது. ஒரே உற்பத்தியாளர், ஏறத்தாழ ஒரே எஞ்சினையும் ஒரே அடித்தளத்தையும் கொண்டு இரு கார்களைச் செய்து, ஒன்றுக்கு நடுத்தரப் பெயரும் மற்றொன்றுக்கு ஆடம்பரப் பெயரும் சூட்டி, வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு விலைக்கு விற்கிறார். இரண்டாவதை வாங்கும் சிராவகன் தன் விரதத்தின் எல்லையைத் தாண்டினானா? வசதியுள்ளவர் வாங்குகிறார், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தள்ளிவிடலாம். பகட்டு என்று ஒரே சொல்லில் கண்டித்துவிடவும் செய்யலாம். இரண்டுமே சோம்பல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இம்முறை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1920களிலேயே ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் தன் கார்களை ஏணிப்படிகள் போல் அடுக்கியது. கீழ்ப்படியில் செவர்லே, மேற்படியில் கேடிலாக். சம்பளம் உயர உயர மனிதன் ஒரு படி ஏறவேண்டும், ஏறுவதை அண்டை வீட்டார் காணவேண்டும் என்பதே ஏற்பாடு. பல ஆண்டுகள் இந்த ஏணி நன்றாகவே பயன்பட்டது. ஆயின் 1980களின் தொடக்கத்தில் செவர்லே கேவலியர் என்னும் சிறிய காருக்கே தோல் இருக்கையும் வேறு முகப்பும் பூட்டி, கேடிலாக் சிமரான் என்று பெயரிட்டு உயர்ந்த விலைக்கு விற்க முயன்றபோது, வாங்குவோர் கண்டுகொண்டனர். 1988ஆம் ஆண்டோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, பொருளிலும் ஏதேனும் மாறவேண்டும் என்னும் பாடத்தை உற்பத்தியாளர்கள் அதிலிருந்து கற்றனர்.

ஜப்பானியர் வேறு வழியில் சென்றனர். டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா 1983இல், உலகின் மிகச் சிறந்த காரை நம்மால் செய்ய முடியுமா என்று தம் பொறியாளர்களிடம் கேட்டார். அதன் விளைவாக 1989இல் லெக்சஸ் என்னும் புதுப் பெயர் அமெரிக்காவில் அரங்கேறியது. ஹோண்டா அக்யூராவை 1986இலேயே தொடங்கியிருந்தது; நிசானின் இன்ஃபினிட்டியும் 1989இல் வந்தது. லெக்சஸ் என்ற பெயரில் முதலில் வந்த இரு கார்களில் பெரியதான எல்.எஸ்.400 புதிதாகவே வடிவமைக்கப்பட்டது. சிறியதான இ.எஸ்.250 கேம்ரியிலிருந்து பிறந்தது. இங்கே நம் சிந்தனைக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் லெக்சஸ் என்று விற்ற அதே எல்.எஸ். காரை, சொந்த நாடான ஜப்பானில் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில்தான் விற்றார்கள். லெக்சஸ் என்னும் கடை ஜப்பானில் திறக்கப்பட்டது 2005இல்தான். ஆகப் பதினாறு ஆண்டுகள் ஒரே கார், ஒரு கரையில் டொயோட்டாவாகவும் மறுகரையில் லெக்சஸாகவும் ஓடியது. இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

நம் நாட்டில் அம்பாசடரும் ஃபியட்டும் அன்றி வேறு தெரியாத காலம் ஒன்று இருந்தது. அப்போது காரே ஆடம்பரம். எந்தக் கார் என்பது கேள்வியாகவில்லை. எனினும் ஒரே நிறுவனத்தின் இருநிலைக் கார்கள் என்னும் வரலாறு தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் ஹெரால்டையும், பின்னர் கெசல் என்பதையும் செய்து நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றது. 1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய அழகிய உடல் அதற்கு. ஆனால் உள்ளே பொருத்தப்பட்டது ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து மரபில் வந்த பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். பார்த்தோர் வியந்தனர், ஓட்டியோர் பெருமூச்சு விட்டனர். மூன்று நான்கு ஆண்டுகளில் அதன் கதை முடிந்தது. உடலை உயர்த்தி உயிரை அப்படியே விட்டால் என்னவாகும் என்பதற்கு நம்மூர் உதாரணம் இது. ஆடம்பர வேடத்தை ஆராய்வோர் அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கதையையே மாற்றிவிட்டது. அந்த நிறுவனமே 2015இல் நெக்ஸா என்னும் தனிக் கடைகளைத் தொடங்கி, உயர்நிலைக் கார்களை அங்கே வைத்தது; பழைய கடைகளுக்கு 2017இல் அரீனா என்று பெயரிட்டது. அதே நிறுவனம், அதே பழுது பார்க்கும் முறை. ஆனால் ஒரு கடையில் விளக்கொளியும் வரவேற்பும் வேறு. நெக்ஸாவில் விற்கும் பலேனோ காரே 2019இல் டொயோட்டாவின் சின்னம் தாங்கி கிளான்சா என்று வந்தது. இவை இரு வேறு நிறுவனங்கள். உடன்படிக்கையால் நேர்ந்த மாற்றம். ஆயினும் வாங்குவோருக்குக் கிடைத்தது அதே கார்தான். வேறுபாடு பெரும்பாலும் உத்தரவாதத்தில் இருந்தது. அந்நாளில் பலேனோவுக்கு இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்றால், கிளான்சாவுக்கு மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். இந்த வேறுபாடு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரப்பட்டது. பெயரோடு ஒரு கடமையும் சேர்ந்து வந்தது. பெயர்கள் எல்லாமே வெற்றுப் பெயர்கள் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

நம் கேள்விக்கு மிகப் பொருத்தமான இணை பெங்களூரை அடுத்த பிடதியில் இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலையில் டொயோட்டா கேம்ரியின் ஹைபிரிட் வகை 2013 முதல் பூட்டப்பட்டு வருகிறது. லெக்சஸ் இந்தியாவுக்கு வந்தது 2017இல். 2020 முதல் லெக்சஸ் இ.எஸ்.300எச் காரும் அதே பிடதியில் பூட்டப்படலாயிற்று. அவ்வேளையில் இரண்டுக்கும் ஒரே குடும்பத்து அடித்தளம், ஒரே 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும். இரண்டும் சேர்ந்து தரும் திறனும் சமம். முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் லெக்சஸில் 4.5 சென்டிமீட்டர் கூடுதல். கேம்ரி 2019இல் அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 37 லட்சம். பிடதியில் பூட்டிய லெக்சஸ் 2020இல் ஏறத்தாழ 52 லட்சம். இவை சாலை வரி, காப்பீடு முதலியன சேருமுன் உள்ள விலைகள்.

இந்தப் பதினைந்து லட்சம் எதற்காக? மூன்று பங்காக இதனைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒரு பங்கு செயலுக்கு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் செயலில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இப்பங்கு மிகச் சிறிது. இன்னொரு பங்கு சுகத்துக்கு. இது மெய்யான வேறுபாடு. இதனை மறுப்பவர் அதில் ஏறிப் பாராதவர். ஓசை உள்ளே வராமல் தடுக்கும் அடுக்குகள் மிகுதி, பின்னிருக்கை இன்னும் இதம், தையலிலும் பூச்சிலும் கைத்திறன் கூடுதல். முதுகுவலியால் வருந்தும் தாயாரை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல வேண்டிய மகனுக்கு இந்தச் சுகம் வீண் செலவன்று. நம் நூல்களும் சுகத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருமுறை நுகர்ந்து முடிவது போகம். ஆடை, அணி, வாகனம் போலத் திரும்பத் திரும்ப நுகர்வது உபபோகம். இரண்டுக்கும் அளவு வைத்துக்கொள் என்பதே போகோபபோக பரிமாணம் என்னும் விரதம். அளவுக்கு உட்பட்ட சுகத்தின்மீது குற்றம் சாட்ட எவருக்கும் உரிமையில்லை.

எஞ்சிய பங்கு பெயருக்கு. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

பெயரும் சின்னமும் நமக்குப் புதியன அல்ல. நம் ஆலயங்களில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களும் பெரும்பாலும் ஒரே அமைதியில், ஒரே அமர்விலோ நிலையிலோ இருக்கக் காண்கிறோம். பீடத்திலுள்ள இலாஞ்சனத்தைக் கொண்டே, எருது கண்டால் ஆதிபகவன் என்றும், சிங்கம் கண்டால் மகாவீரர் என்றும் அறிகிறோம். சிற்பியின் உளியும் கல்லும் ஒன்றே; சின்னம் மட்டும் வேறு. ஆனால் அச்சின்னம் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவதில்லை. அனந்த ஞானம் முதலிய குணங்களில் இருபத்து நால்வரும் சமம். இன்னார் என்று அடையாளம் காட்டுவதோடு இலாஞ்சனத்தின் வேலை முடிந்துவிடுகிறது. காரின் மூக்கிலுள்ள சின்னம் அந்த அளவில் நிற்பதில்லை. உள்ளே அமர்ந்திருப்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதையும் அது சொல்லவேண்டும் என்பதற்காகவே மிகுபணம் கேட்கப்படுகிறது.

பெயர் ஒன்று ஒரு பொருளின் நிலையையே மாற்றுவதற்கு மற்றோர் உதாரணம் தென்பாண்டி நாட்டில் உண்டு. ராஜபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்கையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் பலரும் அறிந்தது. ஊர்ப் பெயரே கல்வெட்டுச் சொல். கோயிலுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம். அந்தணர்க்கு விடப்பட்டது பிரமதேயம். நம் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம். அண்டை வயலுக்கும் தேவதான வயலுக்கும் மண் ஒன்றே, பெய்யும் மழை ஒன்றே, விளையும் நெல்லும் ஒன்றே. ஆனால் தேவதானம் என்றோ பள்ளிச்சந்தம் என்றோ பெயர் பெற்ற கணத்தில், என்னுடையது என்று சொல்லும் ஒருவன் அந்த நிலத்திலிருந்து விலகிக்கொண்டான். பெயர் அங்கே கைவிட்டதைக் குறித்தது. ஆடம்பரச் சின்னம் இதற்கு நேர்மாறான திசையில் வேலை செய்கிறது. அதே மண்ணின்மேல் என்னுடையது என்பதை இன்னும் அழுத்தி எழுதுகிறது.

தேவதானத்துக்குக் கிழக்கே, வெகு தொலைவின்றிக் கழுகுமலை. அங்கே எட்டாம் நூற்றாண்டளவில் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒன்றுபோல் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் சிறு வட்டெழுத்தில் அதனைச் செய்வித்தோர் பெயர்; ஆசிரியர், மாணாக்கர், பெண் துறவியராகிய குரத்தியர் எனப் பலர். பாறைக்கு மிக அருகே சென்று குனிந்தால்தான் அந்தப் பெயர்கள் தெரியும். ஈந்தவர்கள் தம் பெயரை அறவே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை; பெயர் வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கும் இருந்தது. அந்த ஆசைக்கு ஒதுக்கப்பட்ட இடம் இரு விரல் அகலம்.

இனி மனத்துக்குள் வருவோம். பொருளைப் பற்றும் மயக்கமே, மூர்ச்சையே, பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. புறப் பரிக்கிரகம் பத்து; அகப் பரிக்கிரகம் பதினான்கு. கார் பத்தைச் சார்ந்தது. அதன் சின்னத்தைப் பார்த்து எழும் மானம் பதினான்கில் ஒன்று. சமந்தபத்திரர் எண்ணும் எட்டு மதங்களுள்ளும் செல்வச் செருக்கு தனியே நிற்கிறது. ஆக, பதினைந்து லட்சத்தில் சுகத்துக்குரிய பங்கைக் கொடுப்பவன் புறப்பொருளை வாங்குகிறான். பெயருக்குரிய பங்கைக் கொடுப்பவன் அகப் பரிக்கிரகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் நிறுத்துகிறான். விலைச்சீட்டில் இவ்விரண்டும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருப்பதால் அவனுக்கே தெரிவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வழக்கமாக எழும். பரத சக்கரவர்த்தி ஆறு கண்டங்களையும் ஆண்டான். ஆயினும் பற்றற்று இருந்தமையால் துறவு பூண்ட சிறிது பொழுதிலேயே கேவல ஞானம் பெற்றான். பொருளின் அளவு முக்கியமன்று, பற்றின்மையே முக்கியம் என்பர். சித்தாந்தப்படி இது சரியே. ஆனால் பரதனை மேற்கோள் காட்டுவோரை நான் கவனித்து வந்திருக்கிறேன். எதையேனும் விடவேண்டிய வேளையில்தான் அவர்களுக்குப் பரதன் நினைவு வருகிறது. தவிரவும், பற்றில்லாதவனுக்குச் சின்னத்தோடு கூடிய கார் எதற்கு, சின்னமில்லாததே போதுமே என்னும் எளிய கேள்விக்கு இந்த மறுப்பில் விடையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விலை குறைந்த காரை வாங்கிவிட்டு, நான் எவ்வளவு எளிமையாக இருக்கிறேன் பாருங்கள் என்று நாலு பேரிடம் சொல்லி மகிழ்பவரும் உண்டு. அவரும் பெயரைத்தான் வாங்கியிருக்கிறார், சற்று மலிவான விலையில். தவச் செருக்கும் எட்டில் ஒன்று என்பதை அவருக்கு நினைவூட்டலாம்.

அப்படியானால் சுகத்தையும் பெயரையும் எப்படிப் பிரித்தறிவது? முன்னர் விட்டுவந்த செல்சியோர் இங்கே உதவுகிறது. பதினாறு ஆண்டுகள் ஜப்பானில் ஒருவர் அதே ஓசையின்மையை, அதே இருக்கையை, டொயோட்டா சின்னத்தோடு பெற முடிந்தது. வாங்க நினைப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். நான் விரும்பும் இந்த லெக்சஸ், இதே இருக்கை, இதே அமைதி, இதே விலையில், மூக்கில் டொயோட்டா சின்னத்தோடு கிடைத்தால் வாங்குவேனா? தயக்கமின்றி ஆம் என்று வந்தால் அவர் கேட்பது சுகம். அவர் தம் அளவுக்குள் இருக்கிறாரா என்பது மட்டுமே மீதி. அந்த விலைக்கு டொயோட்டாவா என்று மனம் ஒரு கணம் பின்வாங்கினால், அந்தக் கணத்தில் தெரிந்தது மூர்ச்சை. இந்தச் சோதனைக்குச் சாட்சி வேண்டாம், செலவும் இல்லை. கடைக்காரர் முன்னிலையில் செய்யாமல் சாமாயிகத்தில் அமர்ந்திருக்கும்போது செய்வது நல்லது.

பெயரை விட்டுப் பொருளுக்கு வந்தால், அஹிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. நடுத்தரக் காரிலிருந்து ஆடம்பரக் காரைப் பிரித்துக் காட்டுவதற்கு உற்பத்தியாளர்கள் முதலில் கைவைக்கும் பொருள் தோல். கீழ்வகையில் துணி இருக்கை. அடுத்த வகையில் செயற்கைத் தோல். உச்ச வகையில் மெய்யான விலங்குத் தோல். விலை மிகுந்த கார்களுக்குத் தோல் தேர்வோர் கீறலோ பூச்சிக்கடித் தழும்போ இல்லாத தோலையே நாடுவர். மென்மையாக இருக்கட்டும் என்று மேற்பூச்சைக் குறைத்துச் சாயமிடுவர். கால்நடைத் தோல் எப்படிப் பதனிடப்படுகிறது என்பதை அறிய நாம் தொலைவு செல்லவேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளையும், அவற்றின் கழிவு பாலாற்றுக்குச் செய்ததையும் வடதமிழ்நாட்டில் வாழும் நம் குடும்பங்கள் கண்டே வளர்ந்திருக்கின்றன. கோயிலுக்குள் தோல் வாரையும் தோல் பையையும் கழற்றி வைத்துவிட்டு நுழையும் நாம், யாத்திரை முழுவதும் தோலின்மேல் அமர்ந்து செல்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? லெதர் என்று விற்பனையாளர் சொல்வது மெய்த்தோலா செயற்கையா என்பதை அவரே பல வேளைகளில் அறியார். எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். இருக்கை செயற்கையாயினும் திருப்புச் சக்கரத்தின் உறை மெய்த்தோலாக இருப்பதுண்டு. இதில் நடுத்தரக் காரின் துணி இருக்கையே நமக்கு உயர்ந்த வகை. விலைப்பட்டியல் அதைத் தாழ்ந்த வகை என்று எழுதினாலும் சரி.

இவ்வளவு சொன்னதால் துணி இருக்கைக் கார் முழு அஹிம்சை என்று எண்ணிவிடலாகாது. டயர் ரப்பரில் சேரும் ஸ்டியரிக் அமிலம் விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மேலும் ஓட்டத்தில் நேரும் ஹிம்சை. நான் குறிப்பிட்ட தேவதானம் சாலை போன்ற வழிகளில், ஒருபுறம் மலை, மறுபுறம் வயலும் கண்மாயும். மழைக்காலத்து அந்தியில் விளக்கைப் போட்டவுடன் ஈசலும் விட்டிலும் வெள்ளமாக வந்து மோதும். ஊர் சேர்ந்து இறங்கிப் பார்த்தால் முன்கண்ணாடியும் சின்னமும் அவற்றின் உடல்களால் மூடியிருக்கும். பிடதியில் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்த இரு கார்களும் இந்த இடத்தில் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து, உயிர்களைத் தவிர்த்து, வெறுங்காலால் நடக்கும் முனிவர்களின் ஈர்யா சமிதியை நினைத்தால், எந்த வேகமும் நமக்குப் பெருமை தருவதன்று. இருட்டுமுன் ஊர் சேரப் புறப்படுவது, வேகத்தைக் குறைப்பது, ஒரே ஊருக்குச் செல்லும் நான்கு குடும்பங்கள் நான்கு காரில் செல்லாமல் ஒரு வேனில் செல்வது போன்றவை, எந்தச் சின்னம் என்பதைவிட உயிர்களுக்குப் பயனுள்ளவை.

நம் சமூகத்தின் நிலையையும் இங்கே பேசாமல் இயலாது. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சி வட்டாரங்களில் உழுதுண்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்துச் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒருவர் வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய சமூகத்தில், ஒருவரின் உபபோகம் மற்றவருக்கு அளவுகோலாகிவிடுகிறது. வரன் பேசும் இடத்தில் பெண்ணின் படிப்பையும் பையனின் ஒழுக்கத்தையும் கேட்டு முடிக்குமுன் காரின் பெயரைக் கேட்கும் பழக்கம் வளர்ந்து வருகிறது. வசதியுள்ளவர் தம் அளவுக்குள் நின்று வாங்கியதைப் பார்த்து, வசதியில்லாதவர் கடனில் வாங்குகிறார். ஐந்து அதிசாரங்களுள் அதிவிஸ்மயம் என்று ஒன்று சொன்னோமே, பிறர்க்குக் கிடைத்த ஆதாயத்தைக் கண்டு மனம் தடுமாறுவது, அது இங்கே கண்முன் நடக்கிறது. முதலில் வாங்கியவர் குற்றமற்றவராகவே இருக்கலாம். ஆயினும் தம் வாசலில் நிற்பது தெருவுக்கு என்ன சொல்லித் தருகிறது என்பதை எண்ணிப் பார்க்கும் கடமை அவருக்கு உண்டென்று நான் கருதுகிறேன். அந்தக் கடமை விரதப் பட்டியலில் எழுதப்படவில்லை. சிறிய சமூகத்தில் பெரியவராக இருப்பதன் விலை அது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மேலே கண்ட பதினைந்து லட்சம் வேறுபாட்டை மட்டும் நூற்றுக்கு ஒன்பது வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை 24,000 ரூபாயைத் தாண்டும். ஏழாண்டில் கட்டுவது 20 லட்சத்துக்கு மேல். இது காரின் விலையன்று. ஒரே ஆலையின் இரு கார்களுக்கு இடையிலுள்ள இடைவெளியின் விலை. இதில் சுகத்துக்கு ஒரு பகுதி போக, மீதியைக் கொண்டு ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் எதையும் ஓராண்டு முழுவதும் ஒரு சிற்றூருக்குச் செய்ய முடியும். விளக்கேற்ற ஆளின்றி இருக்கும் ஜினாலயங்கள் நம் ஊர்களில் எத்தனை என்பதை இதழ் வாசகர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

அன்றாடம் சில பொருள்களுக்கு அளவு வைத்து நியமம் ஏற்கும் வழக்கம் நம் பெரியோரிடம் இருந்தது. உணவு, தாம்பூலம், மலர், ஆடை, படுக்கை முதலியவற்றோடு வாகனமும் அப்பட்டியலில் உண்டு. இன்று மட்டும், இந்தப் பட்சம் மட்டும், இந்த மாதம், இந்தப் பருவம் என்று காலமும் குறித்துக்கொள்ளலாம். பலரும் வாகன நியமத்தை, இன்று காரில் ஏறேன் என்ற அளவில் வைத்துக்கொள்கிறார்கள். புதிய கார் வாங்கும் குடும்பம் அதனைச் சற்று விரித்து, இவ்வளவு ஆண்டுகளுக்கு இதை மாற்றேன், இந்த விலைக்கு மேல் போகேன், தோல் உள்ளதை வாங்கேன் என்று வாங்குமுன்னரே வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். கடைக்குள் நுழைந்தபின் ஏற்கும் விரதத்துக்கு உறுதி குறைவு; அங்குள்ள விளக்குகளும் குளிர்பானமும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை.

இந்தக் கேள்வி நம் பகுதிக்கு இன்னும் அண்மையில் வருகிறது. டாடா நிறுவனம் ஜாகுவார் லேண்ட்ரோவரை 2008இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது; அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் நானோ என்னும் மிக மலிவான காரையும் அது உலகுக்குக் காட்டியது. லேண்ட்ரோவரின் அடித்தளத்திலிருந்து உருவாக்கிய ஒன்றின்மேல் தன் ஹாரியரை 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக அந்நிறுவனத்தின் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. டாடா பெயரிலும் ஜாகுவார் லேண்ட்ரோவர் பெயரிலும் வரும் கார்கள் அங்கே உருவாகும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆற்காடு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குச் செல்வார்கள். எந்தத் திருகு இரண்டுக்கும் பொது, எந்த இருக்கைக்கு எந்தத் தோல், சின்னம் எந்தக் கட்டத்தில் ஒட்டப்படுகிறது என்பதையெல்லாம் அவர்கள் தங்கள் கையால் அறிவார்கள். அடுத்த முறை நம் வீட்டார் கார் வாங்கக் கிளம்புமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.